மடக்கும் நாள்: சென்னை மண்ணும் பசுந்தாள் உரமும்

பசுந்தாள் உரத்துக்காக விதைக்கும் தக்கைப்பூண்டை வேரோடு எடுத்துப் பார்க்க வேண்டுமென்றால் முதல் நாள் மாலையே பாத்தியை நன்றாக நனைத்துவிட வேண்டும். காய்ந்த மண்ணில் இழுத்தால் செடி மட்டும் கையோடு வரும், முடிச்சுகள் அறுந்து மண்ணுக்குள்ளேயே நின்றுவிடும். ஈர மண்ணிலிருந்து மெதுவாக உருவி, ஒரு வாளித் தண்ணீரில் அலசினால், வேர் நெடுகக் கடுகும் கேழ்வரகுமாக உருண்டைகள் ஒட்டியிருப்பது தெரியும். அதில் ஒன்றைக் கட்டைவிரல் நகத்தால் பிளந்து பாருங்கள். பீட்ரூட் நறுக்கிய விரலைப்போல் நகத்தில் இளஞ்சிவப்புக் கறை பிடித்தால் அந்தச் செடி வேலை செய்துகொண்டிருக்கிறது என்று பொருள். உள்ளே வெளுத்திருந்தால் வேலை இன்னும் தொடங்கவில்லை. பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் வேலை முடிந்துவிட்டது.

கொட்டிவாக்கத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் அரைக் கிரவுண்டு காலி இடம் இருக்கிறது. முழுக்கக் கடற்கரை மணல். ஊற்றிய தண்ணீர் எங்கே போனதென்றே தெரியாது. போட்ட உரத்துக்கும் அதே கதிதான். அந்த 1,200 சதுர அடியில் கத்தரியும் வெண்டையும் எடுக்க வேண்டும் என்ற ஆசையில்தான் பசுந்தாள் உரத்தைப் பற்றித் தெரிந்துகொள்ளத் தொடங்கினேன். செடியை விதைத்து வளர்த்து, பச்சையாக இருக்கும்போதே வெட்டி மண்ணுக்குள் புரட்டிப் புதைப்பதுதான் அது. அப்படிப் புதைப்பதைத்தான் மடக்குவது என்கிறோம். பல ஆண்டுகள் விதைத்து மடக்கியதில் எனக்குப் புரிந்தது இதுதான்: எந்த விதை, எத்தனை கிலோ என்பதையெல்லாம்விட, அதை எந்த நாளில் மடக்குகிறோம், மடக்கியபின் எத்தனை நாள் காத்திருக்கிறோம் என்பதில்தான் பலன் முழுவதும் அடங்கியிருக்கிறது.

முதலில் அந்தச் சிவப்பைப் பார்த்துவிடலாம். அது லெக்ஹீமோகுளோபின் என்ற புரதத்தின் நிறம். நம் ரத்தத்துக்குச் சிவப்பு தரும் ஹீமோகுளோபினுக்கு நெருங்கிய உறவு. முடிச்சுக்குள் குடியிருக்கும் ரைசோபியம் பாக்டீரியா உயிர் வாழ ஆக்சிஜன் வேண்டும். ஆனால் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து அம்மோனியாவாக மாற்றும் அதன் நொதிக்கு ஆக்சிஜன் பட்டால் ஆகாது, செயலிழந்துவிடும். இந்த இரண்டு தேவைக்கும் நடுவில் நின்று, ஆக்சிஜனை அளந்து அளந்து கொடுக்கிற வேலையைத்தான் அந்தச் சிவப்புப் புரதம் செய்கிறது. செடி தன் பங்குக்கு இலையில் தயாரித்த சர்க்கரையை வேருக்கு அனுப்பி பாக்டீரியாவுக்குச் சோறு போடுகிறது. பதிலுக்கு அந்த நைட்ரஜனை, அதாவது தழைச்சத்தை, வாங்கிக்கொள்கிறது. பயறு வகைச் செடிகளின் வேர் முடிச்சில் இப்படி நடக்கிறது என்பதை ஹெல்ரீகல், வில்ஃபார்த் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் 1880களில் நிரூபித்தார்கள். நம் உழவர்களுக்குக் காரணம் தெரியாவிட்டாலும் காரியம் அதற்கு வெகுகாலம் முன்பே தெரியும். கொளுஞ்சியையும் ஆவாரையையும் வெட்டிவந்து சேற்றில் மிதித்தவர்கள் அவர்கள்.

‘ஆடு பயிர் காட்டும், ஆவாரை கதிர் காட்டும்’ என்று ஒரு பழமொழி உண்டு. ஆட்டு எரு போட்டால் பயிர் உடனே கறுகறுவென்று எழும்பும். ஆவாரைத் தழை போட்டால் அப்போது ஒன்றும் தெரியாது, கதிர் வரும்போது தெரியும். தழை மெதுவாக மக்குகிறது, சத்தை மெதுவாகத்தான் விடுகிறது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

சென்னைக்கும் உர அறிவியலுக்கும் பழைய தொடர்பு இருக்கிறது. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் வேர் 1868இல் சைதாப்பேட்டையில் தொடங்கிய வேளாண் பள்ளியில் இருக்கிறது. 1906இல் அது கோவைக்குப் போனது. அதே 1906இல்தான் ராணிப்பேட்டையில் நாட்டின் முதல் சூப்பர் பாஸ்பேட் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. பிறகு மணலியில் மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் வந்தது, 1971இலிருந்து அங்கே உரம் தயாராகிறது. நகத்தில் கறையாக ஒட்டிய அந்த முடிச்சு செய்கிற வேலையைத்தான் மணலியும் செய்கிறது: காற்றின் நைட்ரஜனை அம்மோனியாவாக்குவது. அங்கே அதற்கு 400 டிகிரிக்கு மேல் வெப்பமும், நூறு மடங்குக்கும் அதிகமான காற்றழுத்தமும், எரிபொருளும் வேண்டும். இங்கே கொட்டிவாக்கத்து வெயிலும் செடியின் சர்க்கரையும் போதும்.

இதைச் சொன்னவுடன் ‘அப்படியானால் யூரியாவே வேண்டாமே’ என்று பேச்சு போய்விடுகிறது. நான் அந்தப் பக்கம் போக மாட்டேன். கணக்கைப் போட்டுப் பார்த்தால் காரணம் புரியும். ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து 45, 50 நாளில் மடக்கினால் நல்ல விளைச்சலில் சுமார் 8 டன் பசுந்தழை கிடைக்கும். அதில் ஐந்தில் நான்கு பங்கு வெறும் தண்ணீர். மீதி ஒன்றரை டன் சொச்சம் காய்ந்த பொருளில் 25 முதல் 40 கிலோ தழைச்சத்து இருக்கும். அதிலும் ஒரு பகுதி காற்றிலிருந்து வந்ததல்ல, அந்த மண்ணிலேயே இருந்ததைச் செடி எடுத்துத் திருப்பித் தருவது. ஒரு மூட்டை யூரியா 45 கிலோ, அதில் தழைச்சத்து ஏறக்குறைய 20 கிலோ. ஆக, ஒரு ஏக்கர் பசுந்தாள் பயிர் தருவது ஒன்று அல்லது இரண்டு மூட்டை யூரியாவுக்குச் சமம். மானிய விலையில் ஒரு மூட்டை 270 ரூபாய்க்குள் கிடைக்கிறது. தக்கைப்பூண்டு விதைக்கும், உழவுக்கும், தண்ணீருக்கும் அதைப்போலப் பல மடங்கு செலவாகும். தழைச்சத்தை மட்டும் வைத்து வாதாடினால் பசுந்தாள் உரம் தோற்றுப்போகும். உழவர் யாரும் அந்தக் கணக்கைத் தெரியாதவர் இல்லை.

அப்படியென்றால் எதற்காக? மூட்டையில் வராத பொருளுக்காக. யூரியாவில் மண்ணைக் கட்டிப்பிடிக்கிற கரிமப்பொருள் கிடையாது. பசுந்தாள் பயிரை மடக்கும்போது ஒன்றரை டன் உணவை மண்ணுயிர்களுக்குப் போடுகிறோம். அவை தின்றபின் வெளிவிடும் பசைப்பொருள்தான் மணலை மணலோடு ஒட்டி, குருணையாக்கி, தண்ணீரைப் பிடித்துவைக்கிறது. களிமண்ணில் அதே பொருள் எதிர்த்திசையில் வேலை செய்கிறது, கட்டியை உடைத்து காற்றுக்கு வழி விடுகிறது. தக்கைப்பூண்டின் ஆணிவேர் இறுகிய அடிமண்ணைத் துளைத்து இறங்கும். செடி செத்தபின் அந்த வேர் இருந்த வழியே மழைநீர் உள்ளே போகும். மக்கும்போது உண்டாகும் அமிலங்கள் மண்ணில் கரையாமல் கிடக்கும் மணிச்சத்தில் (பாஸ்பரஸ்) கொஞ்சத்தைக் கரைத்துவிடும். களர் நிலத்தில் ஜிப்சம் போட்டு, தண்ணீர் கட்டி வடித்து, தக்கைப்பூண்டு விதைத்து மடக்குவது இன்றும் பரிந்துரைக்கப்படும் முறை.

ஆனால் ஒரு தடவை மடக்கினால் மண் மாறிவிடும் என்று நினைக்க வேண்டாம். நம் ஊர் வெயிலில் கரிமப்பொருள் நிற்காது. மடக்கியதில் பெரும்பகுதி சில மாதங்களிலேயே கரியமில வாயுவாகக் காற்றோடு போய்விடும். மண்ணில் மட்காகத் தங்குவது சிறு பங்குதான். ஆண்டுதோறும் விடாமல் செய்தால்தான் சேரும். என் இடத்தில் மூன்றாவது ஆண்டுதான் மண்ணின் நிறம் கொஞ்சம் மங்கி, மழை விட்டபின் ஒரு நாள் கூடுதலாக ஈரம் நின்றது.

இனி அந்த நாள் கணக்குக்கு வருகிறேன். இதில் இரண்டு பக்கமும் அடி வாங்கியிருக்கிறேன்.

முதல் ஆண்டு, செடி நன்றாக ஆள் உயரத்துக்கு வளரட்டும், எவ்வளவு தழை இருக்கிறதோ அவ்வளவு லாபம் என்று விட்டுவிட்டேன். மஞ்சள் பூ பூத்தது, காய் தொங்கியது, மூன்று மாதம் ஆனது. வெட்டும்போது அரிவாள் இறங்கவில்லை, தண்டு விறகாகியிருந்தது. மடக்கி ஒரு மாதம் கழித்து நட்ட கத்தரி வெளிறிப்போய், வாரக்கணக்கில் அசையாமல் நின்றது. இளஞ்செடியில் ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 15, 20 பங்கு கரி (கார்பன்) இருக்கும். முற்ற முற்ற நார் கூடி அந்தக் கரியின் பங்கு இரண்டு மடங்குக்கும் மேல் ஏறிவிடும். ஏறக்குறைய 25ஐத் தாண்டினால், மக்க வைக்கும் நுண்ணுயிர்களுக்கே தழைச்சத்து பற்றாது. மண்ணில் இருப்பதையும் அவையே எடுத்துக்கொள்ளும். பயிர் பட்டினி கிடக்கும். உரம் போட்டதால் வந்த பட்டினி அது. திருவள்ளூர்ப் பக்கத்து உழவர் ஒருவர் என் செடிகளைப் பார்த்துவிட்டு, “பூ எட்டிப் பார்க்கும்போதே மடக்கிடணும் தம்பி. காய் பிடிச்சாச்சுன்னா அது விதைக்குத்தான், மண்ணுக்கு இல்ல” என்றார்.

அடுத்த ஆண்டு சரியாக 45ஆம் நாள் வெட்டினேன். அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பூ எடுத்திருந்தது. வெட்டி ஒரு நாள் வாடவிட்டு, சாண் நீளத்துக்கு நறுக்கி, மண்வெட்டியால் அரை அடிக்குள் புரட்டிப் போட்டேன். அவசரத்தில் ஆறாம் நாளே நாற்று நட்டேன். மூன்றே நாளில் நாற்றுகள் தரையோடு ஒட்டிய தண்டுப் பகுதியில் நீர்க்கோத்து, கழுத்து சாய்ந்து விழுந்தன. கைவிட்டுப் பார்த்தால் மண்ணுக்குள் வெதுவெதுவென்று சூடு, புளித்த நாற்றம். பச்சைத் தழை மக்கத் தொடங்கும் முதல் இரண்டு வாரம் அமிலங்கள் உண்டாகும், நாற்றழுகலைத் தரும் பூஞ்சைகளும் அந்த விருந்துக்குக் கூடும். வயலில் சேறு கலக்கி மடக்கினால் ஒரு வாரம், பத்து நாளில் நடவு செய்யலாம், நெல் அதைத் தாங்கும். தோட்டக் காலில், காய்கறிக்கு, மூன்று வாரமாவது விட வேண்டும். இப்போது நான் நாள்காட்டியோடு மூக்கையும் நம்புகிறேன். ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து முகர்ந்தால் புளிப்பு போய், முதல் மழைக்கு எழும் மண்வாசம் வர வேண்டும். இலை அடையாளம் தெரியக்கூடாது, தண்டு நாராகப் பிய்ய வேண்டும்.

சென்னையில் இந்த இரண்டு கெடுவோடு மூன்றாவதாக ஒன்று சேர்ந்துகொள்கிறது. வடகிழக்குப் பருவமழை. நமக்கு ஆண்டுக்குக் கிடைக்கும் 1,400 மி.மீ. சொச்சம் மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். மக்கிய தழையிலிருந்து வெளிவரும் நைட்ரேட் தண்ணீரோடு தண்ணீராக ஓடக்கூடியது. ஐப்பசியில் மடக்கினால், அது மக்கிச் சத்து வெளிப்படும் நேரத்தில் அடைமழை பிடித்து, வேர் எட்டாத ஆழத்துக்கு இறங்கிவிடும். மணற்பாங்கான திருவான்மியூர், சாந்தோம், தண்டையார்பேட்டைப் பக்கம் இந்த இழப்பு இன்னும் வேகம். ஆகவே ஐப்பசி மழை இறங்குவதற்குள் பயிர் வேர் பிடித்து அந்தச் சத்தைக் குடிக்கத் தயாராக நிற்க வேண்டும். அங்கிருந்து பின்னோக்கி எண்ணினால் விதைக்கும் நாள் கிடைத்துவிடும்.

நமக்கு வாய்ப்பான காலம் ஜூனுக்கும் செப்டம்பருக்கும் நடுவில் இருக்கிறது. பகலெல்லாம் கொளுத்தி, மாலையில் இடியோடு ஒரு மணி நேரம் பெய்து ஓய்கிற மழை. அதை நாம் மழைக்காலமாகவே மதிப்பதில்லை, ஆனால் அந்த நான்கு மாதத்தில் 400 மி.மீ.க்கு மேல் பெய்கிறது. பசுந்தாள் பயிருக்கு அது தாராளம். ஆனி நடுவில் இரண்டு மாலை மழை பார்த்து விதைத்தால் ஆடிக் கடைசியிலோ ஆவணி தொடக்கத்திலோ மடக்கலாம், ஆவணிக் கடைசியில் நாற்று நடலாம். கிணற்றிலோ போரிலோ தண்ணீர் உள்ளவர்கள் வைகாசி நடுவிலேயே விதைத்து ஆனிக் கடைசியில் மடக்கினால், ஆடிப்பெருக்கை ஒட்டி நடவுக்கு மண் தயாராகிவிடும். ஆடிப்பட்டமும் தவறாது.

எந்தப் பயிர் என்பது உங்கள் தெருவைப் பொறுத்தது. கடலோர மணலில் நிலத்தடி நீர் உப்புக் கரிக்கும் இடங்களில் தக்கைப்பூண்டுதான் தாங்கும். அண்ணா நகர், மேற்கு மாம்பலம், பெரம்பூர் போலக் களிமண்ணாக உள்ள பகுதிகளிலும் அதுவே சரி, தண்ணீர் தேங்கினாலும் நிற்கும். சணப்பைக்கு வடிகால் வேண்டும், இரண்டு நாள் தண்ணீர் நின்றால் அழுகிவிடும். ஆனால் வேகமாக வளரும். தக்காளி, வெண்டை வேர்களில் முடிச்சுமுடிச்சாக வீக்கம் தரும் நூற்புழு உள்ள மண்ணில் சணப்பைதான் என் முதல் தேர்வு, அது அந்தப் புழுவை அடக்கி வைக்கும். இந்த வீக்கத்தை நல்ல முடிச்சோடு குழப்பிக்கொள்ளக் கூடாது: ரைசோபியம் முடிச்சு வேரின் பக்கத்தில் ஒட்டியிருக்கும், தேய்த்தால் உதிரும். நூற்புழு வீக்கத்தில் வேரே பருத்திருக்கும். கல்லும் சரளையுமான இடத்துக்குக் கொளுஞ்சி. விதைத்தோல் கெட்டி என்பதால் மணலோடு தேய்த்து விதைக்க வேண்டும், மெதுவாகத்தான் வரும். ஒரு தடவை பிடித்துவிட்டால் ஆண்டாண்டுக்கும் தானே விழுந்து முளைக்கும், மாடும் வாய் வைக்காது.

மணிலா அகத்தியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பெயரில் மணிலா இருந்தாலும் பிறந்த இடம் ஆப்பிரிக்காவின் செனகல் பக்கம். பிலிப்பைன்ஸ் வழியாக இங்கே வந்ததால் அந்தப் பெயர். மற்றவற்றுக்கு வேரில்தான் முடிச்சு, இதற்குத் தண்டிலும் வரிசை வரிசையாக முடிச்சு இருக்கும். நீர் நிற்கும் வயலில் வேர் மூச்சுத் திணறினாலும் தண்டு முடிச்சு காற்றில் நின்று வேலையைத் தொடரும். நெல் வயலுக்கென்றே படைத்ததுபோல ஒரு செடி. ஆனால் பகல் நீளமாக உள்ள மாதங்களில்தான் நன்றாக வளரும். பகல் குறையும் காலத்தில் விதைத்தால் குட்டையாக இருக்கும்போதே பூத்து, தழை கம்மியாகிவிடும். வைகாசி, ஆனியில் விதைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அரைக் கிரவுண்டுக்கு அரைக் கிலோ தக்கைப்பூண்டு விதை போதும். இரவு ஊறவைத்து, வேளாண் விரிவாக்க மையத்தில் கிடைக்கும் 200 கிராம் ரைசோபியம் பாக்கெட்டில் கொஞ்சத்தை ஆறிய அரிசிக் கஞ்சியில் குழைத்து விதையில் புரட்டி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தித் தூவுகிறேன். பாக்கெட் மேல் பயிர் பெயர் போட்டிருக்கும், அதைப் பார்த்து வாங்குங்கள். ஒரு பயிருக்கான ரைசோபியம் எல்லாப் பயிருக்கும் சேராது. தழைச்சத்து உரம் மட்டும் போட வேண்டாம். கையில் தயாராகத் தழைச்சத்து இருந்தால் செடி முடிச்சு கட்டுவது குறைந்துவிடும்.

மாடித்தோட்டக்காரர்களுக்கும் இது பயன்படும், அளவு மட்டும் சிறியது. இரண்டு அறுவடை முடிந்த வளர்ப்புப் பையில் மண்கலவை அமுங்கி, தென்னை நார்க்கழிவு பொடியாகி, சாரமற்றுக் கிடக்கும். அதைக் கொட்டிவிட்டுப் புதுக் கலவை வாங்குவது சென்னை மாடிகளில் பழக்கமாகிவிட்டது. எனக்கு அது வருத்தமாக இருக்கும். மளிகைக் கடையில் வாங்கிய தட்டைப்பயறோ பச்சைப்பயறோ கொள்ளோ ஒரு கைப்பிடி தூவி, ஒரு மாதத்தில், பூ வருமுன் தரையோடு வெட்டி, வேரை உள்ளேயே விட்டுவிட்டு, தழையை நறுக்கி மேலே மூடாக்காகப் போடுங்கள். பையில் ஆழமாகப் புதைத்தால் புளிப்பு வெளியேற இடமிருக்காது. நார்க்கழிவுக் கலவையில் ரைசோபியம் இயல்பாக இருக்காது என்பதால், பயறு விளைந்த தோட்டத்து மண் ஒரு பிடி கலந்துவிடுவது நல்லது. மே மாத மொட்டைமாடி வெயிலில் வெறும் பை கொதிக்கும், அப்போது இந்தப் பச்சை ஒரு குடையாகவும் இருக்கும்.

வயல்காட்டில் சிக்கல் வேறு. திருவள்ளூர், செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கம் ஏரிப் பாசனத்தில் போர்வெல் சேர்ந்தபின் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று ஒன்றன் முதுகில் ஒன்றாக நெல் வருகிறது. பசுந்தாள் பயிருக்குத் தேவையான அறுபது நாள் இடைவெளி மறைந்துபோனதுதான் இந்தப் பழக்கம் தேய்ந்ததற்கு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். யூரியாவின் விலை அதை எளிதாக்கியது. நவரைக்கும் சம்பாவுக்கும் நடுவில் வரும் சொர்ணவாரியை விட்டால் ஒரு போக வருமானம் போகும். அதை விடச் சொல்லி நகரத்தில் உட்கார்ந்துகொண்டு எழுதுவது நியாயமில்லை. நவரை அறுவடைக்கும் சம்பா நடவுக்கும் நடுவே தண்ணீர் இல்லாமல் எப்படியும் தரிசாகக் கிடக்கும் வயல்கள் இருக்கின்றன, கோடை மழை ஈரத்தில் தக்கைப்பூண்டு அங்கேதான் வர வேண்டும். தமிழ்நாடு அரசு 2024-25 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவித்த ‘மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் 2 லட்சம் ஏக்கருக்குப் பசுந்தாள் உர விதை கொடுப்பதும் சேர்ந்தது. விதை மழைக்கு முன்னால் கைக்கு வந்தால் பாதி வேலை முடிந்தது.

நெல் வயலுக்கு ஒரு எச்சரிக்கையும் உண்டு. பச்சைத் தழையை மடக்கி உடனே நீர் கட்டி நிறுத்தினால் காற்றில்லாத சேற்றில் மீத்தேன் வாயு அதிகமாக வெளிப்படும். ஈரப் பதத்தில் உழுது சில நாள் காயவிட்டு, அதன்பின் நீர் கட்டுவது பயிருக்கும் நல்லது, காற்றுக்கும் நல்லது.

இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஊர் ஊராகப் பரப்பிய பலதானிய விதைப்பை அடுத்த ஆனியில் என் இடத்தில் ஒரு பாதியில் செய்து பார்க்கப்போகிறேன். தானியம், பயறு, எண்ணெய் வித்து, தக்கைப்பூண்டு, கொத்தமல்லி, கடுகு என்று எல்லாவற்றையும் கலந்து தூவி மடக்கும் முறை அது. மறு பாதியில் வழக்கம்போல் தக்கைப்பூண்டு மட்டும். இரண்டும் ஒரே நாளில் மண்ணுக்குள் போகும், நாற்றும் ஒரே நாளில் நடப்படும். விதைகளைச் சுரைக்குடுவையில் போட்டு, வேப்பிலையோடு சமையலறைப் பரணில் வைத்திருக்கிறேன்.